மதுவிலக்கு வீரர் மாத்யூ பாதிரியார்

1838-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 10-ந் தேதி அயர்லாந்தின் தென்பாகத்திலுள்ள கார்க் நகரில் ஒரு பள்ளிக்கூட அறையில் சிலர் கூடியிருந்தனர். அவர்கள் நடுவிலிருந்து நாற்பத்தேழு வயதான ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் எழுந்து, மேஜைமீது விரித்து வைக்கப்பட்டிருந்த புஸ்தகத்தில் தம் பெயரை முதலில் எழுதினார். போதை தரும் எந்தப் பானத்தையும் இனித் தொடுவதில்லை என்பது அவர் செய்துகொண்ட பிரதிக்ஞை. அவர் குடியரல்லர். அக்காலத்துப் பாதிரிமார் எல்லோரையும் போல் விருந்துகளில் ஒரு கிண்ணம் திராட்ச மது அருந்தியவரேயன்றி, அளவு கடந்தாரென்று அவரை யாரும் சொன்னதில்லை. விட வேண்டிய அவசியம் தமக்கென்று ஒன்றுமில்லாத ஒருவர் விட்டார். அதைக் கண்டு லக்ஷக்கணக்கானவர் விட்டார்கள். அந்தப் பெரியாரின் பெயர் தியோபால்ட் மாத்யூ. அவருடைய சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அதற்கு முன்பாகக் கிறிஸ்தவர்களுக்குள் மதுவைப் பற்றி வழங்கிவந்த எண்ணங்களைச் சற்றே தெரிந்துகொள்வது நலம். கிறிஸ்தவ மார்க்கம் மதுவை அடியோடு பாவமென்று தள்ளிய மார்க்கமன்று. கானா ஊர்க் கலியாணத்தில் தண்ணீரைத் திராட்ச ரசமாக்கியதே இயேசுநாதர் செய்த முதல் அற்புதமென்று யோவான் சுவிசேஷம் கூறுகிறது. கடைசி இராப்போஜனத்தில் அவர் சீடர்களுக்கு அளித்த பாத்திரத்திலும் திராட்ச ரசமே இருந்தது; கத்தோலிக்கப் பாதிரிமார் பூசையில் அதனை இன்றும் உபயோகிக்கின்றனர். பவுல் அப்போஸ்தலர் தம் சீடராகிய தீமோத்தேயுவுக்கு வயிற்று நோயின் பொருட்டுச் சிறிது திராட்ச ரசம் சாப்பிடும்படி யோசனை சொன்னதும் வேதத்திலேயே உள்ளது. மறுபுறம், நோவா வெறித்துக் கிடந்து மானமிழந்த கதையும், குடியரைப் பற்றி நீதிமொழிகள் செய்யும் எச்சரிக்கையும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன. ஆகவே, குடித்தல் பாவமன்று, வெறிகொள்ளுதலே பாவம் என்பது கத்தோலிக்கர்களின் பழைய கோட்பாடு. பிராடஸ்டண்டுகளில் பெரும்பாலோரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர்.

ஆனால், ரோமாபுரியாருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் இன்னொரு வழியாக இவ்விஷயத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு பொருள் தன்னளவில் குற்றமற்றதாகவே இருக்கட்டும். அதனை நான் உட்கொள்வதைக் கண்டு மனவலிமையற்ற என் சகோதரன் இடறி விழுவானாகில், நான் அதனை விட்டுவிடுவதே அன்பு என்பது அவர் கொண்ட முடிவு. இந்த வாதத்தில் மது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார், அவன் நம்மைப் பார்த்து என்ன செய்வான் என்பதே கேள்வி. பண்டிதர்கள் மதுவின் தன்மையைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருக்க, மாத்யூ பாதிரியார் பக்கத்திலிருப்பவனைப் பார்த்தார்.

அவர் 1790-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி டிப்பரேரி ஜில்லாவில் தாமஸ்டவுன் மாளிகையில் பிறந்தவர். தந்தையார் அந்த மாளிகைக்குரிய பிரபுவின் உறவினர். அவருடைய காரியஸ்தராகவும் இருந்தவர். செல்வமும் உபசாரமும் நிறைந்த அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, பத்துப் பேரை அழைத்து உட்காரவைத்து விருந்திடுவதில் சிறு வயதிலேயே அபார ஆசை. அந்த ஆசை அவரை ஒரு முறை கவிழ்த்தது. மேநூத் என்னுமிடத்திலுள்ள பெரிய குருமடத்தில் படித்துக்கொண்டிருக்கையில், விதிகளுக்கு மாறாகத் தம் அறையில் தோழர்களுக்கு ஒரு விருந்து நடத்தினார். செய்தி மேலதிகாரிகளுக்கு எட்டியது. தள்ளப்படுமுன் தாமே விலகிக்கொள்வது மேலென்று 1808-ல் மடத்தை விட்டு வெளியேறினார். பிற்காலத்தில் விருந்து மேஜைகளிலிருந்து மதுவை நீக்கச் செய்தவருக்கு ஒரு விருந்தினாலேயே முதல் இழுக்கு வந்ததென்பது விசித்திரமே.

மேநூத்தை விட்டவர் கப்பூச்சின் துறவிகளின் சபையில் சேர்ந்தார். அயர்லாந்தில் அச்சபை அப்பொழுது மிகவும் நலிந்து கிடந்தது. கத்தோலிக்கர்களை நசுக்கிவந்த பழைய சட்டங்களின் வடு ஆறவில்லை. குருப்பட்டம் பெற்றபின் சிறிது காலம் கில்கென்னியிலும், பிறகு கார்க் நகரிலும் ஊழியம் செய்தார். ஒரு சந்தில் ஒளிந்துகொண்டதுபோலிருந்த சிறு கோயிலே அவருடைய ஸ்தலம். விடியற்காலையிலிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, மீன்காரிகளும் கூலிக்காரர்களும் சொல்வதைக் கேட்பார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். கல்லறை நிலங்கள் பிராடஸ்டண்ட் சபையார் கையில் இருந்தமையால் ஏழைக் கத்தோலிக்கர் தம் பிணங்களை அடக்கம் செய்வதற்குப் பட்ட சங்கடங்களைப் பார்த்து, 1830-ல் ஒரு பழைய தாவரத் தோட்டத்தை விலைக்கு வாங்கி மயானமாக்கினார். 1832-ல் காலரா வந்தபொழுது அந்த மயானம் எவ்வளவு பயன்பட்டதென்று சொல்ல வேண்டியதில்லை. 1822 முதலே அயர்லாந்திலிருந்த கப்பூச்சின் துறவிகளுக்கெல்லாம் அவர் தலைவராக இருந்தார். ஆகவே 1838-ல் பேனாவை எடுத்த கை, நகரத்தார் இருபது வருஷங்களுக்கு மேலாக அறிந்திருந்த கை. இது முக்கியமென்று நாம் கருதுகிறோம். அந்நியன் ஒருவன் வந்து அதே பிரதிக்ஞையைச் செய்திருந்தால் கார்க் நகரம் திரும்பியும் பார்த்திராது.

அந்நாளில் அயர்லாந்தில் விஸ்கி என்னும் தானியச் சாராயம் இல்லாத காரியமே இல்லை. கலியாணத்தில் விஸ்கி, பிணத்தை வைத்துக் காக்கும் இரவில் விஸ்கி, சந்தையில் மாடு விலை தீர்ந்தால் விஸ்கி. கூலி கொடுப்பதே பல இடங்களில் சாராயக்கடைக்குள்தான். ஸர்க்காருக்கு வரி கட்டி விற்பதல்லாமல், மலைகளிலும் சதுப்புகளிலும் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதும் ஏராளம். இதனைத் தடுக்க முயன்றவர்கள் மாத்யூவுக்கு முன்னும் உண்டு. பெல்பாஸ்ட் நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் பண்டிதர் ஜான் எட்கார் என்பவர் 1829-ல் தம் வீட்டிலிருந்த விஸ்கியை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு இயக்கம் தொடங்கினார். ஆனால் அக்காலத்துச் சங்கங்கள் விலக்கியது சாராயத்தை மாத்திரமே. திராட்ச மதுவும் பீரும் குற்றமில்லையென்று விட்டுவிட்டன. எட்காரும் பிற்காலத்தில் முழு விலக்கை எதிர்த்தவரே. இதன் பலன் என்னவென்று யோசித்துப் பார்க்க வேண்டும். சாராயம் ஏழையின் பானம். திராட்ச மது கனவானின் பானம். தன் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஏழையின் கிண்ணத்தைக் கீழே போடச் சொல்லும் உபதேசம் எப்படி ஏறும்? இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரத்துத் தொழிலாளர்களிடையே 1832-ல் ஜோசப் லிவ்ஸி முதலியோர் ஆரம்பித்த பூரண மதுவிலக்குப் பிரதிக்ஞையே இந்தக் கோணலை நிமிர்த்தியது.

கார்க் நகரில் அந்தப் பூரண விலக்கைப் பிரசாரம் செய்துவந்தவர்கள் மூவர்: வில்லியம் மார்ட்டின் என்னும் குவேக்கர், நிக்கோலஸ் டன்ஸ்கோம் என்னும் ஆங்கிலிக்கன் பாதிரியார், ரிச்சர்ட் டௌடன் என்னும் யூனிடேரியன். மூவரும் கத்தோலிக்கரல்லர். ஜனங்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர். சொல்வோர் சொல்ல, கேட்பாரில்லை. நகரத்து ஏழைகள் விடுதியின் நிர்வாகத்தில் மார்ட்டினும் மாத்யூவும் அங்கத்தினர்கள். குடியினால் கெட்டு அங்கு வந்து விழும் ஒவ்வொருவரையும் காட்டி, இந்த ஜனங்களைத் தூக்கிவிட உம்மால்தான் முடியும் என்று அந்த முதிய குவேக்கர் பாதிரியாரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாத்யூ உடனே இணங்கிவிடவில்லை. அவருடைய நெருங்கிய உறவினரில் சிலர் சாராயத் தொழிற்சாலைகளில் முதல் போட்டிருந்தவர்கள். அவர்களுடைய பிழைப்பில் மண்ணைப் போட வேண்டும். வேற்றுச் சபையாரோடு சேர்ந்து நிற்பதைத் தம் சபையார் எப்படிக் கருதுவார்களோ என்ற கவலை வேறு. பல நாள் யோசனைக்குப் பின்பே அவர் மார்ட்டினைக் கூப்பிட்டனுப்பினார். கூட்டத்திலே அவர் நீண்ட பிரசங்கமொன்றும் செய்யவில்லை. சரீர சுகமுள்ளவனுக்கு மது அவசியமன்று என்று தாம் கண்டதாகவும், பலருக்கு அது கேடாக இருப்பதாகவும், ஆகையால் கடவுளின் பெயரால் தாம் முதலில் விடுவதாகவும் சொல்லிக் கையெழுத்திட்டார். அவ்வளவே.

பிறகு நடந்தது சரித்திரத்தில் அபூர்வமானது. மூன்று மாதங்களுக்குள் 25,000 பேர் பிரதிக்ஞை செய்தனர். அவ்வருஷ முடிவில் அந்தத் தொகை லக்ஷத்தையும் தாண்டிவிட்டது. அண்டை ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் கோச்சு வண்டிகளிலும், வண்டிக்கு வழியில்லாதார் கால்நடையாகவும் கார்க்குக்கு வந்து குவிந்தனர். அவர்களைத் தம் வீட்டிலேயே உட்கார்த்தி உணவளித்து அனுப்பினார் பாதிரியார். மாளிகையில் வளர்ந்த பழைய குணம் போகவில்லை. 1839 டிசம்பரில் லிமெரிக் நகருக்குச் சென்றபொழுது, நான்கு நாட்களில் ஒன்றரை லக்ஷம் பேர் பிரதிக்ஞை செய்ததாகக் கணக்கு. நகரத்தில் நிற்க இடமின்றிப் போயிற்று. பனிக்காலத்து இரவுகளில் ஜனங்கள் தெருவிலேயே கிடந்தார்கள். மறு வருஷம் டப்ளின். அதே 1840-ல் மேநூத்! எந்தக் குருமடத்திலிருந்து ஒரு விருந்துக் குற்றத்துக்காகத் தலைகுனிந்து வெளியேறினாரோ, அங்கே பேராசிரியர்களும் நூற்றுக்கணக்கான மாணவர்களும் அவர் முன்னால் மண்டியிட்டு விரதம் ஏற்றார்கள்.

இயக்கம் உச்சத்திலிருந்தபொழுது ஐம்பது லக்ஷம் பேருக்கு மேல் பிரதிக்ஞை செய்ததாகச் சொல்லப்பட்டது. 1841-ம் வருஷத்து ஜனக்கணக்கில் அயர்லாந்தின் மொத்த ஜனத்தொகை 81 லக்ஷத்துச் சில்லறை. இரட்டைக் கையெழுத்துகளும் உற்சாக மிகுதியால் வந்த கூட்டல்களும் அந்த ஐம்பது லக்ஷத்தில் கலந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். ஆயினும் ஆப்காரிக் கணக்கு ஒரு பக்கமும் சாயாது. வரி செலுத்தப்பட்ட சாராயம் 1838-ல் 1 கோடியே 20 லக்ஷம் காலன்களுக்கு மேலிருந்தது, 1842-ல் சுமார் 53 லக்ஷம் காலன்களாயிற்று. பாதிக்கும் கீழே! திருட்டுச் சாராயம் இக்கணக்கில் வராதென்பதும், ஜனங்களின் வறுமையும் ஒரு காரணமாயிருக்கலாமென்பதும் உண்மையே. எனினும் ஒரு வரியும் விதிக்காமல், ஒரு போலீஸ்காரனையும் ஏவாமல் ஸர்க்கார் கஜானாவுக்கு இத்தகைய நஷ்டத்தை உண்டாக்கியவர் வேறொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

அவர் பெரிய பிரசங்கி அல்லர். குரல் மெல்லியது, பேச்சில் அலங்காரம் கிடையாது. குடியரைத் திட்டுவதும், நரகத்தைக் காட்டி மிரட்டுவதும் அவரிடம் இல்லை. தெளிந்தபின் வா என்று சொல்லி ஒருவனையும் அவர் திருப்பி அனுப்பியதில்லையென்றும், நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து பிரதிக்ஞை கொடுப்பாரென்றும் சொல்வார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் தம்மிடம் இல்லாததைப் பிறரிடம் கேட்கவில்லை. பிரபு ஒருவர் வந்து கூட்டத்தில் மண்டியிட்டால், அவர் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன் மண்டியிட்டிருப்பான். இருவருக்கும் ஒரே வாசகம்தான். இந்தச் சமத்துவத்தை ஐரிஷ் ஏழை அதற்குமுன் கண்டதில்லை.

இதில் ஒரு குறையும் கலந்திருந்தது. அவர் கை பட்டால் நோய் தீருமென்று ஜனங்கள் நம்பத் தலைப்பட்டார்கள். விரதத்துக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்ட பதக்கத்தை ரக்ஷையாகக் கட்டிக்கொண்டார்கள். தமக்கு அத்தகைய சக்தி ஒன்றுமில்லையென்று அவர் மறுத்தார். ஆனால் நோயாளிகள் நெருங்கி வந்தால் கையை இழுத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. விரதம் கடவுளுக்கும் மனச்சாட்சிக்கும் இடையே நிற்பதற்குப் பதிலாக, பலரிடத்தில் மாத்யூ பாதிரியாருக்கும் தமக்கும் இடையே நின்றது. இதன் விளைவைப் பிறகு காண்போம்.

அவருடைய சபையிலேயே எதிர்ப்பும் இருந்தது. ட்யூவம் நகரத்து அதிமேற்றிராணியார் ஜான் மக்ஹேல் அவரைக் கண்டித்தவர்களில் முக்கியமானவர். பிராடஸ்டண்டுகளோடு ஒரே மேடையில் நிற்கிறார், பிற மேற்றிராணிமாரின் எல்லைக்குள் புகுகிறார், பதக்கங்களை விற்றுப் பணம் சேர்க்கிறார் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பணம் சேர்த்த கதையைக் கேளுங்கள். பதக்கத்துக்கு ஒரு விலை வைத்திருந்தது மெய். ஆனால் கையில் காசில்லாத ஏழை நின்றால் சும்மா கொடுத்துவிடுவார், காசில்லாதாரே அதிகம். கொடுத்த இடத்துக்கெல்லாம் கையிலிருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பதக்கம் செய்தவர்களுக்குப் பல ஆயிரம் பவுன் கடன்பட்டார். டப்ளினில் கூட்டத்தோடு கூட்டமாக ஒருவன் வந்து மண்டியிட்டு விரதம் வாங்கிக்கொண்டு, எழுந்ததும் கடனுக்காகப் பிறந்த வாரண்டை நீட்டினானென்றும், அவன் அமீனா என்று அப்பொழுதுதான் தெரிந்ததென்றும் அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் கூறுகிறார்கள். நாடு முழுதும் வெட்கமடைந்து நன்கொடை திரட்டியது. ஆயினும் கடன் என்ற சனியன் அவரை விட்டு ஒருநாளும் முற்றிலும் நீங்கவில்லை.

அக்காலத்து அயர்லாந்தில் மற்றொரு பெருந்தலைவர் இருந்தார். அவரே டானியல் ஓகானல். இங்கிலாந்தோடு அயர்லாந்தை இணைத்த சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமென்று அவர் 1843-ல் நடத்திய மகா கூட்டங்கள் பிரசித்தமானவை. லக்ஷக்கணக்கில் ஜனங்கள் கூடியும் கலகமில்லை, அடிதடியில்லை. கூடியவர்களில் பெரும்பாலோர் மது அருந்தாதவர்கள் என்பதே அதன் ரகசியமென்று ஓகானலே ஒப்புக்கொண்டார். அவ்வருஷம் அக்டோபரில் கிளான்டார்ஃபில் நடக்கவிருந்த கூட்டத்தை ஸர்க்கார் தடுத்தபொழுது, ஜனங்கள் ஒரு கல்லும் எறியாமல் வீடு திரும்பினர். தன்னையடக்கத் தெரிந்த ஜனங்களைத் துப்பாக்கிக்காரர்கள் என்ன செய்ய முடியும்? மாத்யூவோ தம் இயக்கத்தை அரசியலோடு சேர்க்க மறுத்தார். தம் சங்கத்து வாத்திய கோஷ்டிகள் ஓகானலின் ஊர்வலங்களில் முழங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. ஓகானலும் 1840-ல் விரதம் ஏற்றவர்தாம். பின்னர் வைத்தியர் சொற்படி விட்டுவிட்டார். விட்டதற்கு வைத்தியக் காரணம் இருக்கலாம். ஆயினும் தலைவன் கிண்ணத்தை மறுபடி எடுத்தானென்ற செய்தி வைத்தியரின் சீட்டோடு சேர்ந்து பரவுவதில்லை.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டது. 1846 ஜூலைக் கடைசியில் பாதிரியார் கார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும்பொழுது வழியெங்கும் வயல்கள் பூத்துச் செழித்திருந்தன. ஒரு வாரம் கழித்துத் திரும்புகையில் அதே வயல்கள் அழுகி நாறிக்கொண்டிருந்தன. வேலியோரங்களில் குடியானவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் காட்சியை அவர் உடனே லண்டனில் பொக்கிஷ இலாகா அதிகாரியாயிருந்த சார்லஸ் ட்ரெவெலியனுக்கு எழுதினார். (பின்னர் 1859-ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் இவரேதான்.) தானிய வியாபாரிகளின் சொல்லைக் கேட்டு ஜனங்களைக் கைவிட வேண்டாமென்று மன்றாடினார். பஞ்ச நிவாரண வேலைகளில் கூலியைச் சாராயக்கடைகளில் வைத்துக் கொடுப்பதையும், வேலை நடக்குமிடங்களுக்கருகே புதிய கடைகள் முளைப்பதையும் எடுத்துக்காட்டி முறையிட்டார். பட்டினியால் சாகிறவன் கையில் விழும் இரண்டு காசையும் கடைக்காரன் பறித்துக்கொள்ள வழி செய்து வைத்திருந்த நிர்வாகத்தை என்னவென்று சொல்வது!

அவர் கார்க்கில் கஞ்சித்தொட்டிகளை நடத்தினார். கட்டிக்கொண்டிருந்த கோயிலின் வேலையும் தடைப்பட்டது. அவர் வாங்கிய மயானத்தில் பிணங்களுக்கு இடம் போதவில்லை. பத்து லக்ஷம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவருடைய சங்கத்தின் வாசகசாலைகளும், கிளைகளும், வாத்திய கோஷ்டிகளும் ஆட்களின்றி அவிந்தன. விரதத்தைக் காத்தவர்களில் பலர் மாண்டார்கள். துயரம் தாங்காத பலர் விரதத்தை மறந்தார்கள். 1847-ல் கார்க் மேற்றிராணியார் காலமானபொழுது, அந்த ஸ்தானத்துக்கு மாத்யூவையே உள்ளூர்க் குருமார் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தனர். ரோமாபுரியோ வேறொருவரை நியமித்தது. அவ்வருஷமே பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு வருஷம் 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அப்பணம் அவர் கையில் தங்கவில்லை. தாம் இறந்தால் கடன்காரர்களுக்குப் பணம் கிடைக்கும்படி செய்திருந்த இன்ஷ்யூரன்ஸுக்கே போயிற்று. 1848-ல் பக்ஷவாதம் முதல் முறையாகத் தாக்கியது.

உடல் தளர்ந்த நிலையிலும் 1849-ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பஞ்சத்துக்குத் தப்பி அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களைக் குடியிலிருந்து காக்க வேண்டுமென்பது நோக்கம். ஜூலையில் நியூயார்க்கில் இறங்கியபொழுது ராஜ மரியாதை. ஆனால் அங்கே அவருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. அடிமை முறையைக் கைவிட உதவும்படி அமெரிக்க ஐரிஷ்காரருக்கு அயர்லாந்திலிருந்து சில வருஷங்களுக்கு முன் சென்ற ஒரு விண்ணப்பத்தில் ஓகானலோடு அவரும் கையெழுத்திட்டிருந்தார். நீக்ரோ அடிமையாயிருந்து தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ், 1845-ல் கார்க் நகரில் அவர் கையாலேயே மதுவிலக்கு விரதம் பெற்றவர். ஆகவே பாஸ்டனில் அடிமை எதிர்ப்புத் தலைவர் காரிஸன் அவரைச் சந்தித்து, தங்கள் கூட்டத்துக்கு வரும்படி அழைத்தார். பாதிரியார் மறுத்துவிட்டார். தாம் குடியின் அடிமைகளை மீட்க வந்தவர், மற்ற அடிமைத்தனத்தில் தலையிடுவதற்கில்லை என்பது அவர் சொன்ன சமாதானம்.

தென்மாகாணங்களிலுள்ள லக்ஷக்கணக்கான குடியரையும் அடைய வேண்டுமானால் அங்குள்ள எஜமானர்களைப் பகைத்துக்கொள்ள முடியாதென்று அவர் நினைத்தது விளங்குகிறது. நோயாளி, கிழவர், அந்நியர், கடனாளி. அவர் நிலைமையை உணர்ந்தே பேசுகிறோம். எனினும் அவர் செய்தது தவறென்றே நாம் கருதுகிறோம். தாம் ஒரு கிண்ணத்தைத் தொடாமலிருப்பது பிறர் கண்ணில் படுமென்பதை உலகத்தில் எவரையும்விட நன்கு அறிந்தவர் அவர். தாம் வாய் திறவாமலிருப்பதும் அவ்வாறே பிறர் கண்ணில் படுமென்பதை மறந்துவிட்டார். டக்ளஸ் மனம் நொந்து பகிரங்கமாகக் கண்டித்தார். மௌனத்துக்குக் கூலியும் கிடைக்கவில்லை. பழைய கையெழுத்தை யாரோ தோண்டியெடுக்க, ஜார்ஜியா மாகாணத்து மதுவிலக்குச் சங்கத் தலைவர் தாம் அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாஷிங்டனில் செனட் சபைக்குள் அவருக்கு ஆசனமளிக்கும் தீர்மானத்தை அடிமை எஜமானர்களின் பிரதிநிதிகள் எதிர்த்தனர். ஹென்றி கிளே போன்றோர் ஆதரிக்கவே தீர்மானம் நிறைவேறியது. இரண்டரை வருஷம் ஊர் ஊராக அலைந்து, ஐந்து லக்ஷம் பேருக்கு மேல் பிரதிக்ஞை கொடுத்துவிட்டு, 1851 டிசம்பரில் அயர்லாந்து திரும்பினார்.

திரும்பியவர் கண்டது வேறு தேசம். சாராயக்கடைகள் பழையபடி நிறைந்திருந்தன. அவருடைய சங்கத்துக்கு உறுதியான நிர்வாகமோ, விரதம் ஏற்றவனைப் பிறகு விசாரிக்கும் ஏற்பாடோ இருந்ததில்லை. எல்லாம் அவர் ஒருவரைச் சார்ந்தே இருந்தன. அவர் கடல் கடந்து சென்றதும், முன்மாதிரி கண்ணுக்கு மறைந்துபோயிற்று. பிரதிக்ஞை மாத்திரம் போதாது, சாராய விற்பனையைத் தடுக்கச் சட்டமும் வேண்டும் என்ற கக்ஷிக்குத் தம் கடைசிக் காலத்தில் அவர் ஆதரவளித்தார். அவர் காலத்துக்குப் பின் 1898-ல் டப்ளினில் இயேசு சபைப் பாதிரியார் ஜேம்ஸ் கல்லன் தொடங்கிய பயனியர் சங்கம் இப்படிப்பினையை மறக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டி ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு விரதம் கொடுக்கும் முறையை விட்டு, சிலரைத் தேர்ந்து, பரீக்ஷை காலம் வைத்து, அவர்களுடைய சட்டையில் ஒரு சின்னத்தை எல்லோரும் பார்க்கும்படி அணியச் செய்தது அச்சங்கம். இவ்விரதத்தைத் தாமாக மேற்கொண்டவர்கள் தம்முடைய குற்றத்துக்காக அன்றி, குடியராகிய அயலாருக்காகவே மேற்கொள்கிறார்கள் என்பது அவர்களுடைய பிரார்த்தனையின் கருத்து.

1852-ல் பாதிரியாரை நோய் மறுபடியும் தாக்கியது. மடெய்ரா தீவில் சில மாதங்கள் தங்கியும் குணமில்லை. கார்க் துறைமுகத்தையடுத்த குவீன்ஸ்டவுன் என்னும் ஊரில் (இப்போது கோவ் என்று பெயர்) கடைசி நாட்களைக் கழித்தார். நடை தடுமாறியது; பேச்சும் குழறியது. அங்கும் விரதம் ஏற்க யாராவது வந்தால் மறுத்ததில்லை. 1856-ம் வருஷம் டிசம்பர் மாதம் 8-ந் தேதி உயிர் பிரிந்தது. கார்க் நகரம் முழுதும் பின்தொடர, ஏழைகளுக்கென்று 1830-ல் அவர் வாங்கிய அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1864 அக்டோபர் 10-ந் தேதி, அவர் பிறந்த தினத்தில், நகரத்தின் பெரிய வீதியில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கார்க் நகரத்தார் அதன் பெயரைச் சொல்வதில்லை. வெறுமனே சிலை என்றால் அங்கே எல்லோருக்கும் விளங்கும்.